கூகுளுக்கு எதிரே கடை போட்டவர்கள்

2025 ஆகஸ்ட் மாதம் கூகுளின் குரோம் பிரவுசருக்கு ஒரு நிறுவனம் விலை பேசியது. 3,450 கோடி டாலர், ரொக்கமாக. பேசியது பெர்ப்ளெக்சிட்டி என்ற செயற்கை நுண்ணறிவுத் தேடுபொறி நிறுவனம். அதற்கு அப்போது மூன்று வயது. அதன் சொந்த மதிப்பே பேசிய விலையில் பாதியளவுதான். விளம்பரத்துக்காக அடிக்கிற கூத்து என்று பலர் சிரித்தார்கள். கூகுள் விற்கவில்லை. விலை பேசிய நிறுவனத்தின் தலைவர் அரவிந்த் ஸ்ரீனிவாஸ் சென்னையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். குரோமை 2008-ல் வெளியிட்ட அணியை வழிநடத்தி, இன்று கூகுளையே நடத்துகிற சுந்தர் பிச்சை 1972-ல் மதுரையில் பிறந்தவர். வாட்ஸ்அப்பில் சுற்றவிட இந்தப் பெருமை போதும். அதைத் தாண்டி யோசித்தால் ஒரு கேள்வி நிற்கும். தேடுபொறி நடத்துகிறவர் எதற்குப் பிரவுசரை வாங்க அலைய வேண்டும்?

பிச்சையின் பழைய வேலையிலேயே அதற்கு விடை இருக்கிறது. 2004-ல் கூகுளில் சேர்ந்தவருக்குக் கிடைத்த தொடக்கப் பணிகளில் ஒன்று ‘டூல்பார்’. அன்றைக்கு உலகமே மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வழியாகத்தான் வலைக்குள் நுழைந்தது. அந்தப் பிரவுசரின் நெற்றியில் கூகுள் பெட்டியை ஒட்டிவைப்பதுதான் டூல்பாரின் வேலை. 2006-ல் மைக்ரோசாஃப்ட் தன் புதிய பிரவுசரில் தன்னுடைய தேடலையே முன்னிருப்பாக வைக்கப் போகிறது என்றதும், இது நியாயமில்லை என்று அமெரிக்க, ஐரோப்பிய அதிகாரிகளிடம் முறையிட்டது வேறு யாருமல்ல, கூகுள்தான். பிறகு சொந்தமாகவே குரோமைச் செய்துகொண்டது. அடுத்தவன் வாசலில் நிற்க வேண்டியவன் என்ன ஆவான் என்பது அந்த நிறுவனத்துக்கு அனுபவப் பாடம்.

அந்தப் பாடத்தை எதிர்ப்பக்கத்தில் நின்று படித்தவர் ஸ்ரீதர் ராமசாமி. இவரும் சென்னை ஐ.ஐ.டி. கூகுளில் பதினைந்து ஆண்டுகள். விளம்பரப் பிரிவையே நடத்தியவர். அதாவது கூகுளின் கல்லாப்பெட்டி எங்கே இருக்கிறது, எப்படித் திறக்கும் என்று தெரிந்தவர். 2018-ல் வெளியே வந்து, அடுத்த ஆண்டே விவேக் ரகுநாதனோடு சேர்ந்து ‘நீவா’வைத் தொடங்கினார். விளம்பரமே கிடையாது, உளவு பார்ப்பது கிடையாது, மாதம் 4.95 டாலர் சந்தா. தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறியான பிங்கின் முடிவுகளைக் கடன் வாங்கினார்கள். பிறகு வலையை மேய்ந்து தங்களுக்கென்றே ஓர் அட்டவணை கட்டினார்கள். சாட்ஜிபிடி வந்த சூட்டோடு, செயற்கை நுண்ணறிவு தரும் விடைகளையும் 2023 தொடக்கத்திலேயே சேர்த்தார்கள். பணம், ஆள், அறிவு எதிலும் குறையில்லை.

2023 மே மாதம் கடையை மூடுவதாக அறிவித்தார்கள். காரணத்தையும் அவர்களே எழுதினார்கள்: தேடுபொறியைக் கட்டுவதுகூட முடிகிற காரியம், பணம் கட்டச் சொல்லி ஆட்களை ஒப்புக்கொள்ள வைப்பதும் அவ்வளவு கடினமில்லை, புதியதை ஒருமுறை முயன்று பாருங்கள் என்று அவர்களை நகர்த்துவதுதான் மலையாக இருந்தது. நீவாவை ஸ்னோஃபிளேக் என்ற தரவு நிறுவனம் வாங்கியது. ராமசாமி 2024-ல் அந்த நிறுவனத்துக்கே தலைமை அதிகாரியானார். மனிதர் தோற்கவில்லை, தேடுபொறி தோற்றது.

முன்னதாகத் தோற்றவர்களின் வரிசை நீளமானது. 2008-ல் வந்த ‘கூல்’, கூகுளைவிடப் பெரிய அட்டவணை என்று மார்தட்டி இரண்டே ஆண்டில் காணாமல் போனது. ஆனால் அது விடைகளே சரியில்லாமல் விழுந்தது. நீவாவின் கதைதான் இந்தத் துறையின் உண்மையான கதை.

அந்த மலை எதனால் ஆனது என்பது, கூகுள்மேல் அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில், வாஷிங்டன் நீதிமன்றத்தில் 2023-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ராமசாமியும் அங்கே சாட்சி சொன்னார். போன்களிலும் பிரவுசர்களிலும் முன்னிருப்புத் தேடலாக இருப்பதற்காக மட்டும் 2021-ல் கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். ஏறத்தாழ இரண்டு லட்சம் கோடி ரூபாய். அடுத்த ஆண்டு ஆப்பிளுக்கு மட்டும் போனது 2,000 கோடி டாலர். தரம்தான் ஜெயிக்கிறது என்றால் இவ்வளவு பணம் ஏன் என்று சாதாரண ஆளுக்கே தோன்றும். நீதிபதி அமித் மேத்தாவுக்கும் தோன்றியது. 2024 ஆகஸ்ட் 5 அன்று, கூகுள் ஓர் ஏகபோகம், அதைக் காப்பாற்றச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பெழுதினார்.

முன்னிருப்பின் இந்தப் பலத்தை மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள மொபைல் கடைகளிலேயே பார்த்துக்கொள்ளலாம். தேனிப் பக்கமிருந்து வந்திறங்குகிறவர் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு போன் கேட்கிறார். கடைப்பையன் டப்பாவைப் பிரித்து, ஸ்கிரீன் கார்டு ஒட்டி, சிம்மைப் போடுகிறான். போன் உயிர்பெற்றதுமே முகப்பில் நீளமாக அந்தப் பட்டை நிற்கிறது, ஓரத்தில் மைக். பெரியவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கிறது என்றே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்ப்படுகிற டீக்கடையைத் தாண்டி, நாலு தெரு தள்ளி நல்ல டீ கிடைக்கிறது என்று போகிறவர் எத்தனை பேர்?

இந்தியாவில் ஓடுகிற ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கூகுளின் ஆண்ட்ராய்டு. பிளே ஸ்டோர் வேண்டுமானால் தேடல் பட்டையையும் குரோமையும் சேர்த்தே ஏற்ற வேண்டும் என்ற போன் கம்பெனி ஒப்பந்தங்களை இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் பிடித்தது, அபராதம் 1,337.76 கோடி ரூபாய். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தடை தர மறுத்ததும், இந்தியப் பயனாளர்கள் தங்கள் தேடுபொறியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று கூகுள் இறங்கிவந்தது.

இதற்கு முன்பே ஒரு சென்னை நிறுவனம் இந்த மல்லுக்கட்டில் இறங்கியிருந்தது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் நிறுவனம் 2012-லேயே கூகுள்மேல் ஆணையத்தில் புகார் கொடுத்தது. தன் பெயரைத் தேடுகிறவருக்குப் போட்டியாளரின் விளம்பரத்தைக் காட்டலாமா என்பது அதன் மனக்குறைகளில் ஒன்று. அந்தக் குறையை ஆணையம் ஏற்கவில்லை. வேறு சில குற்றங்களுக்காக 2018 பிப்ரவரியில் 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அவற்றில் ஒன்று, தன் தேடலைத் தங்கள் தளத்தில் வைத்துக்கொள்கிறவர்கள் போட்டியாளரின் தேடலை வைக்கக்கூடாது என்று கூகுள் கட்டிப்போட்ட ஒப்பந்தம். புகாருக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஆறு ஆண்டுகள். வலையுலகில் அது ஒரு யுகம்.

சரி, தேர்வுப் பட்டியல் வந்த பிறகு இந்தியாவில் கூகுளின் பங்கு குறைந்ததா? இன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்ற அளவிலேயே நிற்கிறது. இதே மருந்து ரஷ்யாவில் வேலை செய்தது. அங்கே 2017-ல் போட்டி அமைப்பு கூகுளோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, ஆண்ட்ராய்டு போனில் தேர்வுத் திரை வந்தபின், அடுத்த ஆண்டே உள்நாட்டுத் தேடுபொறியான யாண்டெக்ஸ் அந்தப் போன்களில் ஏறத்தாழ பாதித் தேடலைப் பிடித்துவிட்டது. வித்தியாசம் எளிமையானது. ரஷ்யர் பட்டியலைத் திறந்தபோது அதில் அவருக்குப் பழகிய, அவர் மொழியைக் கூகுளைவிட நன்றாகப் படித்த ஒரு பெயர் இருந்தது. ஆரப்பாளையத்துப் பெரியவர் திறந்தால் அப்படி என்ன இருக்கிறது? பிங், டக்டக்கோ. பெயரைச் சொல்லிக் கேட்டால் பிஸ்கட்டா என்பார்.

வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, உள்ளே வர ஆள் வேண்டும். இந்தியாவின் தேடுபொறிக் கதை சறுக்கியது இந்த இடத்தில்தான்.

யாண்டெக்ஸ் 1997-ல், கூகுளுக்கு ஓராண்டு முன்னதாகவே பிறந்தது. அதன் பலம் ரஷ்யச் சொற்களின் வேற்றுமை உருபுகளைப் பிரித்தறிந்த திறமை. தமிழுக்கும் அதே தேவை உண்டு, இன்னும் அதிகமாகவே. ‘ஆரப்பாளையம்’ என்று தேடுகிறவருக்கு வேண்டிய செய்தியில் ‘ஆரப்பாளையத்திலிருந்து’ என்றோ ‘ஆரப்பாளையத்துக்கு’ என்றோதான் இருக்கும். ‘ம்’ உதிர்ந்து ‘த்து’ ஏறிவிட்டது; எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கிற இயந்திரம் அங்கேயே வழிதவறும். இதைச் சரிசெய்யும் உருபனியல் ஆய்வுகள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தன. மத்திய அரசு பல கல்வி நிறுவனங்களைக் கூட்டிச் ‘சந்தான்’ என்ற இந்திய மொழித் தேடுபொறியையும் செய்யவைத்தது. தமிழும் அதில் இருந்தது. ஆனால் அது சுற்றுலாவைப் பற்றித் தேடுவதற்கென்று எல்லை கட்டிய ஆராய்ச்சிப் பொருள். சந்தைக்கு வந்து சண்டை போடவில்லை.

தனியார் பக்கம் பெங்களூரில் 2006-ல் ‘குருஜி’ வந்தது. ஐ.ஐ.டி. பட்டதாரிகள், வெளிநாட்டு முதலீடு, இந்திய மொழிகளில் தேடல் என்று எல்லாம் சரியாகவே தொடங்கியது. கூட்டம் சேர்ந்ததோ பாட்டுத் தேடலுக்கு. பதிப்புரிமைப் புகாரில் 2010-ல் போலீஸ் கதவைத் தட்டியது. அதன்பிறகு அது எழவில்லை.

தேடுவதற்குத் தமிழில் என்ன இருந்தது என்பது இன்னொரு கேள்வி. கூகுள் பிறந்த அதே 1998-ன் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தன்னார்வலர்களைச் சேர்த்து ‘மதுரைத் திட்டம்’ தொடங்கினார். இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வலையில் ஏற்றும் பணி. அப்போது யூனிகோடு பரவவில்லை. தமிழ் நாளிதழ்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கும் தேடுபொறிக்கும் அந்தப் பக்கங்கள் ஏதோ கிறுக்கலாகவே தெரிந்தன. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-ல். அதற்குள் பத்தாண்டுச் செய்திகள் தேடலுக்குத் தட்டுப்படாமலே போய்விட்டன. உள்ளூர்க்காரன் இறங்கி அடிக்கவேண்டிய ஆட்டம் அந்தப் பத்தாண்டில்தான் நடந்து முடிந்தது.

கொரியாவில் இதே பஞ்சம் இருந்தது. கொரிய மொழியில் வலைப்பக்கங்கள் குறைவு என்று கண்ட உள்நாட்டுத் தேடுபொறி நேவர், 2002-ல் மக்களே கேள்வி கேட்டு மக்களே பதில் எழுதும் ஒரு பகுதியைத் திறந்தது. தேட ஒன்றுமில்லையா, முதலில் அதை உண்டாக்கு என்ற கணக்கு. அந்தச் சரக்கு நேவரின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இன்றும் கொரியாவில் கூகுளோடு தோளுரசி நிற்பது அதுதான். நம் ஊரில் அந்த வேலையை விக்கிப்பீடியாத் தன்னார்வலர்களும் வலைப்பதிவர்களும் சம்பளமில்லாமல் செய்தார்கள். பலன் கூகுளுக்குப் போனது. குறை சொல்வதற்கும் இல்லை. 2017-ல் தமிழில் பேசித் தேடும் வசதியைக் கொடுத்ததும், மறு ஆண்டு தமிழ்த் தளங்களுக்கு விளம்பர வருமானத்தைத் திறந்துவிட்டதும் அதே கூகுள்தான்.

ஆனாலும் ஓட்டை இல்லாமல் இல்லை. ஆரப்பாளையத்திலிருந்து தேனி, போடி, கம்பம், திண்டுக்கல், கோவை, திருப்பூர் என்று பஸ்கள் புறப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. “போடிக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு?” என்று போனில் கேட்டால் பெரும்பாலும் ஆம்னி பஸ் புக்கிங் தளங்களும், ஒரு வரைபடமும், யாரோ எப்போதோ எடுத்த வீடியோவும் வரும். கேட்டவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கண்டக்டரைப் பார்த்து “அண்ணே, போடி?” என்பார். “அந்தா நிக்குதுல்ல, ஏறுங்க” என்று பதில் வரும். சுவரில் பெயின்டால் எழுதிய நேரப் பலகையை எந்த மென்பொருளும் மேய்ந்ததில்லை. மாட்டுத்தாவணியில் மல்லிகை இன்று என்ன விலை, நாளைக்கு எந்தத் தெருவில் கரண்ட் கட் போன்ற கேள்விகளும் இதே ரகம். கூகுளை முந்த இடமிருக்கிறது என்றால் அது இந்த மாதிரிச் சந்துகளில்தான். அங்கே இறங்கி வேலை செய்தால் வரும் விளம்பரக் காசு குறைவு என்பதால் முதலீட்டாளர் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கூகுளின் தேடல் வருமானம் 2024-ல் மட்டும் ஏறத்தாழ 19,800 கோடி டாலர். போடி பஸ்ஸில் அந்தப் பணம் இல்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஆட்டம் சற்றுக் கலைந்திருக்கிறது என்பது உண்மை. 2024 கடைசியில் உலக அளவில் கூகுளின் பங்கு பத்தாண்டுகளில் முதல்முறையாக 90 விழுக்காட்டுக்குக் கீழே போனது. 2025 மே மாதம் ஆப்பிளின் எடி கியூ, சஃபாரியில் தேடல்கள் முதன்முறையாகக் குறைந்திருக்கின்றன என்று நீதிமன்றத்தில் சொல்ல, அன்றே கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பங்கு விலை ஏழு விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. செப்டம்பரில் வந்த இரண்டாம் தீர்ப்பில், குரோமை விற்க வேண்டியதில்லை என்றார் மேத்தா. பிரத்யேக ஒப்பந்தங்களைத் தடுத்து, தகுதியுள்ள போட்டியாளர்களோடு சில தேடல் தரவுகளைப் பகிரச் சொன்னார். முன்னிருப்புக்குக் காசு கொடுப்பதை நிறுத்தவில்லை.

பெர்ப்ளெக்சிட்டியும் காசால் அடிக்கும் அதே வழியைத்தான் பிடித்தது. 2025 ஜூலையில் ஏர்டெல்லோடு கைகோத்து, ஆண்டுக்கு 17,000 ரூபாய் என்ற புரோ சந்தாவை 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு ஓராண்டு இலவசமாகக் கொடுத்தது. நீவா ஏறமுடியாத மலையை ஒரே ரீசார்ஜில் தாண்டிவிட்டது என்று சொல்லலாம். இலவசம் முடிந்தபின் பணம் கட்டி நீடிக்கிறவர் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. அதைவிடக் கடினமான கணக்கு ஒன்றும் உண்டு. இந்த விடை இயந்திரங்களும் வலையில் இருப்பதைப் படித்துத்தான் பேசுகின்றன. உலக வலைத்தளங்களில் தமிழின் பங்கு நூற்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. கூகுளுக்குத் தெரியாத போடி பஸ் இவற்றுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இதற்கிடையில் சிறிய தேடுபொறிகள் பலவும் சார்ந்திருந்த பிங்கின் தேடல் ஏபிஐ, அதாவது முடிவுகளை வெளியாருக்குக் கொடுக்கும் சேவை, 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது. அப்படி ஒருநாள் கைவிடப்படுவோம் என்ற அச்சத்தில் ஐரோப்பாவின் எக்கோசியாவும் குவான்ட்டும் முன்கூட்டியே கூட்டுச் சேர்ந்து, பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் சொந்த அட்டவணை கட்டத் தொடங்கியிருந்தன. இங்கே ஜோஹோ ‘உலா’ என்ற பிரவுசரைச் செய்தது. மத்திய அரசின் பிரவுசர் போட்டியில் 2025-ல் முதல் பரிசும் வாங்கியது. அது குரோமுக்கும் அடித்தளமான கூகுளின் குரோமியம் மேல் கட்டப்பட்டது. அதன் பெட்டியில் தட்டுகிற கேள்விக்கு விடை எடுத்துக் கொடுப்பதும் இப்போதைக்கு வேறொருவரின் அட்டவணைதான்.