எலும்பை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் ஆண்டகளூர் கேட் தாண்டிப் போனால் புதுச்சத்திரம் வரும். சுற்றுவட்டாரம் முழுக்கக் கோழிப்பண்ணைகள்தான். அந்தக் கொட்டகைகளில் நிற்கும் ஒரு வெள்ளைக் கோழியை வைத்துக் கணக்குப் போடலாம், வாருங்கள்.

எடை ஒன்றரைக் கிலோ இருக்கும். அதன் உடம்பில் உள்ள கால்சியம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 கிராம். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் கால்சியம் தேவை. வருஷத்துக்கு 300 முட்டை என்றால் 600 கிராம் ஆயிற்று. தன் உடம்பில் இருப்பதைப் போல 30 மடங்கு கால்சியத்தை அந்தக் கோழி ஒரே வருஷத்தில் ஓடாகச் செய்து வெளியே அனுப்பிவிடுகிறது!

மக்காச்சோளத்திலும் சோயாவிலும் அவ்வளவு கால்சியம் கிடையாது. அதனால்தான் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் கலக்கிறார்கள். சங்ககிரியில் சிமென்ட் ஆலைக்கு வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லிலும், கிளிஞ்சலிலும், முட்டை ஓட்டிலும் இருப்பது ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. இருட்டில் கோழி தீவனம் எடுக்காது. அந்த நேரத்தில் கால்சியத்துக்கு எங்கே போவது? தன் எலும்புக்குத்தான் போகிறது. முட்டையிடும் பருவம் வந்ததும் பெட்டைக் கோழியின் நீள எலும்புகளின் உட்குழியில் தனியாக ஒரு வகை எலும்பு வளர்கிறது. அது உடம்பைத் தாங்குவதற்கானது அல்ல. இரவில் கரைந்து ஓட்டுக்குக் கால்சியம் கொடுப்பதும், பகலில் தீவனத்திலிருந்து மறுபடி வளர்வதும்தான் அதன் வேலை. இதே வகை எலும்பை ஒரு டைரனோசரஸ் ரெக்ஸின் தொடை எலும்புக்குள் 2005-இல் மேரி ஷ்வைட்சர் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டார். சுமார் 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த டைனோசர் பெண், அதுவும் முட்டையிடும் நிலையில் இருந்தது என்று அதை வைத்துச் சொன்னார்கள்.

இந்த உள் எலும்பு கரையும்போது, உடம்பைத் தாங்கும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாக அரிபடுகிறது. முட்டையிடுகிற காலம் முழுக்க, அரிபட்ட இடம் சரியாக நிரம்புவதில்லை. கடைசியில் கோழிக்கு எலும்புப்புரை வந்துவிடுகிறது. கூண்டுக் கோழிகள் நிற்க முடியாமல் கால் மடங்கி விழுவதை 1955-இல் அமெரிக்காவில் கௌச் என்பவர் எழுதி வைத்தார். அப்படி விழுந்த கோழியை உடனே கூண்டிலிருந்து எடுத்துத் தரையில் விட்டால் சில சமயம் தேறிவிடும். தீவனம் மட்டும் போதாது, நடமாட்டமும் எலும்புக்கு வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

வயதான பாட்டிகளுக்கு வரும் நோயும் எலும்புப்புரைதான். டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். அப்படியானால் பாட்டிக்கான கால்சியம் மாத்திரையைக் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தால் போதாதா? போதாது. பாட்டிக்கு எலும்பு குறைய முக்கியக் காரணம், மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவது. முட்டையிடும் கோழிக்கு அந்த ஹார்மோன் ஏராளமாகவே இருக்கிறது. நோய் ஒன்று போலத் தெரிந்தாலும் காரணம் வேறு. கோழிக்குச் செய்யும் சோதனை முதலில் கோழிக்குத்தான் உதவும்.

அது சின்ன உதவி இல்லை. சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்துப் போடுவதா, குருணையாகப் போடுவதா என்று கோழிகளிடமே சோதித்தார்கள். மாவு சீக்கிரம் குடலைக் கடந்துவிடுகிறது. 2 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள குருணை அரைப்பையில் தங்கி, இரவெல்லாம் மெல்லக் கரைகிறது. ஓடு உருவாகும் நேரத்தில் கால்சியம் கையில் இருப்பதால் கோழி தன் எலும்பைக் கரைக்கும் தேவை குறைகிறது. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதோடு, எந்த நேரத்தில் அது கரைகிறது என்பதும் முக்கியம்! ஆய்வுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புது மருந்து எதுவும் இல்லை, கல்லின் அளவை மாற்றினார்கள், அவ்வளவே.

பாட்டிக்கான சோதனைக்குப் பெரும்பாலும் பெண் எலிகளைத்தான் எடுக்கிறார்கள். சூலகத்தை அறுவை செய்து நீக்கினால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, சில வாரங்களிலேயே எலும்பு குறையத் தொடங்கும். எலிகளைக் குறைந்தது மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள். முதல் கூட்டத்துக்கு வயிற்றைத் திறந்து தைப்பார்கள், சூலகத்தைத் தொடமாட்டார்கள். இரண்டாவதுக்குச் சூலகம் நீக்கி, சாதாரணத் தீவனம். மூன்றாவதுக்குச் சூலகம் நீக்கி, தாது உப்பு கலந்த தீவனம். முதல் கூட்டத்துக்கு எதற்கு வீணாக அறுவை என்று கேட்பீர்கள். அறுவையின் வலியாலும் அதிர்ச்சியாலும் கூட எலும்பு குறையலாம் அல்லவா? அதைப் பிரித்தறியத்தான்.

கடைசியில் எலிகளைக் கொன்று எலும்பை எடுக்கிறார்கள். இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். வேறு வழி இருந்தால் விலங்கைத் தொடாதே, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959-இலேயே வகுத்துக் கொடுத்தார்கள். சோதனை தோற்றுப்போனாலும் அதை வெளியிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இல்லாவிட்டால் இன்னொரு ஆய்வகத்தில் அதே சோதனைக்கு இன்னும் பல எலிகள் சாகும்.

எடுத்த எலும்பை இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். ஒன்றை 600 டிகிரி சூட்டில் எரித்து, மிஞ்சும் சாம்பலை நிறுப்பார்கள். தாது எவ்வளவு என்று தெரியும். இன்னொன்றை இரு முனையிலும் தாங்கி, நடுவில் இயந்திரத்தால் அழுத்தி உடைப்பார்கள். வலு எவ்வளவு என்று தெரியும். தாது கூடினால் வலுவும் கூடும்தானே, இரண்டும் எதற்கு?

அதற்கான விடை ஃபுளோரைடின் கதையில் இருக்கிறது. சேலம், தர்மபுரிப் பக்கம் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது கூடுதலாக இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அப்போதைய நெல்லூர் மாவட்டத்து மக்களுக்கு ஃபுளோரைடால் முதுகு வளையாமல் எலும்பு இறுகிப்போனதை ஷார்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1937-இல் எழுதினார்கள். பின்னாளில், எலும்பை இறுக்கும் ஃபுளோரைடை எலும்புப்புரைக்கு மருந்தாக்கலாமே என்று டாக்டர்கள் நினைத்தார்கள். அமெரிக்காவில் 202 பெண்களிடம் 4 ஆண்டுகள் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஃபுளோரைடு, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. கால்சியம் எல்லோருக்கும் உண்டு. 1990-இல் முடிவு வந்தது. ஃபுளோரைடு எடுத்தவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. கை, கால் போன்ற மற்ற எலும்புகளின் முறிவு அதிகமாகிவிட்டது!

அடர்த்தி கூடியும் ஏன் முறிந்தது? எலும்பில் தாது மட்டும் இல்லை; கொலாஜன் என்ற புரத இழைகளும் உண்டு. கான்கிரீட்டில் கம்பியும் சிமென்ட்டும் போல இரண்டும் சேர்ந்தால்தான் வலு. ஃபுளோரைடு அந்த எலும்பின் அடர்த்தியைக் கூட்டியது, அமைப்பைக் கெடுத்தது.

தாதுவும் இழையும் வேறு வேறு என்பதை நீங்களே பார்க்கலாம். சமைத்த கோழிக் கால் எலும்பைச் சதை போகக் கழுவி, அது மூழ்கும் அளவு வினிகரில் போட்டு வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்து வளைத்துப் பாருங்கள், ரப்பர் போல வளையும். தாதுவை வினிகர் கரைத்துவிட்டது. உங்கள் கையில் இருப்பது இழை மட்டும். மறுபாதிக்கு அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லி, இன்னொரு எலும்பை விறகடுப்பில் வெள்ளையாகும் வரை சுடச் சொல்லுங்கள். இழையெல்லாம் எரிந்து தாது மட்டும் மிஞ்சும். நன்றாக ஆறிய பிறகு விரலால் அழுத்துங்கள். இரண்டிலும் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள்.