உங்களுக்குத் தெரியுமா? சண்டையே போடாத பிரசாரப் படை

சீன அரசுக்காகச் சமூக ஊடகங்களில் சாதாரணக் குடிமக்கள் போல ரகசியமாக எழுதுபவர்கள், அரசை விமர்சிப்பவர்களுடன் பெரும்பாலும் வாதாடுவதே இல்லை. அரசையும் நாட்டையும் பாராட்டி எழுதிப் பேச்சின் திசையை மாற்றுவதுதான் அவர்கள் வேலை.

● பதிவு ஒன்றுக்கு அரை யுவான் கூலி என்ற பேச்சால் இவர்களுக்கு ‘50 காசு கட்சி’ என்று பெயர் வந்தது. கூலி கொடுத்ததற்கு ஆய்வாளர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. எழுதியவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அரசு ஊழியர்கள்.

● குட்டு உடைந்தது 2014-இல். ஜியாங்ஷி மாகாணத்தில் உள்ள ஜாங்கோங் மாவட்ட இணையப் பிரசார அலுவலகத்தின் மின்னஞ்சல்கள் வெளியே கசிந்தன. எழுதி முடித்த பதிவுகளை வேலைக்கான சான்றாக ஊழியர்கள் மேலிடத்துக்கு அனுப்பிய விவரம் அவற்றில் அப்படியே இருந்தது. 43,757 பதிவுகள்!

● அந்த ஆவணங்களை கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினர். நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 44.8 கோடி பதிவுகள் இப்படி வருவதாக 2017-இல் அவர்கள் மதிப்பிட்டனர்.

● பதிவுகள் தினமும் சீராக வருவதில்லை. குறிப்பிட்ட நாட்களில் மொத்தமாகக் குவிகின்றன. முன்னோரை வணங்கும் சிங்மிங் திருநாளில் தியாகிகளுக்குப் புகழஞ்சலி பொழிந்தது. 2014 ஏப்ரல் இறுதியில் சீனாவின் உரும்சி நகர ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. அடுத்த சில நாட்களில் பதிவுகளின் இன்னோர் அலை. மக்கள் கொதித்துத் தெருவில் திரளக்கூடிய வேளைகளில்தான் இந்தப் பாராட்டு மழை அதிகம் என்பது கவலைக்குரிய செய்தி.