வளரும் பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு மாணவர்கள் வந்து கேட்டபோது, இயற்பியல் துறையைச் சேர்ந்தவன் ஆதலால் லேசர் பற்றியோ கருந்துளை பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத விரும்புவதோ ஏழு வயதுச் சிறுவன் ஓட்டுகின்ற மோட்டார் சைக்கிளைப் பற்றி. சிரிக்க வேண்டாம். அப்படி ஒரு பொருள் உலகில் உண்டு. அதை வாங்கும்போது நான் சொன்ன ஒரு யோசனையால் என் பேரனுக்குக் காறை எலும்பு முறிந்தது. முப்பது ஆண்டுகளாக வகுப்பில் நிலைமமும் உந்தமும் நடத்தி வருகிற ஒருவன் சொன்ன யோசனை அது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

என் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறாள். 2023-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நானும் என் மனைவியும் அங்கே சென்றிருந்தோம். அந்த மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் புக்கானன் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே ‘ரெட்பட்’ என்ற புகழ் பெற்ற மண் பந்தயத் தடம் உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 4-ஆம் நாள் விடுதலைத் திருநாளை ஒட்டி அங்கே தேசியப் பந்தயம் நடைபெறும். நம் ஊர்த் தேர்த் திருவிழாவுக்குக் கூடுவது போலக் கூட்டம் கூடுகிறது. சேறும் மேடும் பள்ளமுமான தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் வீட்டுக் கூரை உயரத்துக்கு எம்பிப் பாய்வதைக் கண்டு என் மனைவி கண்ணை மூடிக் கொண்டாள். இந்த விளையாட்டுக்கு ‘மோட்டோகிராஸ்’ என்று பெயர். இது அமெரிக்கச் சரக்கு அன்று. 1924-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் கேம்பர்லி என்ற இடத்தில் நடந்த பந்தயத்தையே இதன் தொடக்கம் என்பார்கள்.

பெரியவர்கள் ஓட்டுவதைக் கூட ஒருவாறு ஏற்றுக் கொள்ளலாம். அங்கே நான்கு வயதுக் குழந்தைக்கே பந்தயம் இருக்கிறது! அமெரிக்க மோட்டார் சைக்கிளிஸ்ட் சங்கத்தின் விதிகளில் குழந்தைகளுக்கென்றே பல வகுப்புகள் வகுத்திருக்கிறார்கள். பொதுவாகச் சொன்னால் நான்கு முதல் எட்டு வயது வரை 50 சி.சி., ஏழு முதல் பதினொன்று வரை 65 சி.சி., ஒன்பதுக்கு மேல் 85 சி.சி. வயதுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். ஏழு வயதுப் பிள்ளை 50-லும் ஓடலாம், 65-லும் ஓடலாம். எங்கள் தவறு இந்த இடத்தில்தான் நுழைந்தது. இச் சிறுவர்களின் உச்சக் கனவு டென்னசி மாநிலத்தில் ஹரிக்கேன் மில்ஸ் என்ற ஊரில், நாட்டுப்புற இசைப் பாடகி லொரெட்டா லின் அவர்களின் பண்ணையில் நடக்கும் தேசியப் போட்டி. 1982 முதல் அங்கேதான் நடைபெறுகிறது. பல கட்டத் தகுதிப் பந்தயங்களில் வடிகட்டி, ஒரு வகுப்புக்கு 42 பேர் மட்டுமே அங்கே போய்ச் சேர முடியும்.

என் பேரன் அப்போது ஒரு யமாஹா பி.டபிள்யூ. 50 வைத்திருந்தான். 1980-களின் தொடக்கத்தில் வந்து பெரிய மாற்றமின்றி இன்றும் விற்கப்படுகிற வண்டி அது. இருக்கையின் உயரம் 47.5 செ.மீ.தான், ஒரு மணைப்பலகையை விடச் சற்றே உயரம் எனலாம். கியர் இல்லை, கிளட்ச் கைப்பிடி இல்லை. நம் டி.வி.எஸ். 50 மொபெட்டில் இருப்பது போல, எஞ்சின் வேகமெடுத்ததும் மையவிலக்கு விசையால் தானே பற்றிக் கொள்ளும் கிளட்ச். சங்கிலிக்குப் பதில் தண்டு வழியாகச் சக்கரம் சுழல்வதால் விரல் மாட்டிக் கொள்ளும் பயமும் இல்லை. இவற்றை எல்லாம் விட எனக்குப் பிடித்தது முறுக்குப் பிடியில் இருந்த ஒரு சிறு திருகாணி. அதைத் தந்தை எவ்வளவு திருகி வைக்கிறாரோ அதற்கு மேல் பிள்ளை முறுக்க முடியாது. முதல் வண்டிக்கு இதை விட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்பது என் எண்ணம். இன்று இன்னும் சிறிய குழந்தைகளுக்கு மின்கலத்தால் ஓடும் மிதிகட்டை இல்லாத சைக்கிள்களும் வந்துவிட்டன.

ஓராண்டில் பேரன் அதில் தேறிவிட்டான். “பந்தயத்தில் விடலாம் போலிருக்குங்க மாமா. அடுத்த வண்டி எதுன்னுதான் குழப்பம்” என்றார் மருமகன். மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பந்தயத்துக்கென்றே செய்த 50 சி.சி. வண்டி. இரண்டு, விளையாட்டாக ஓட்டிப் பழகும் 110 சி.சி. நான்கு வீச்சு வண்டி. மூன்று, 65 சி.சி. பந்தய வண்டி. அக்கம்பக்கத்தில் ஒரு 65 பழையதாக மலிவாக வந்தது. மருமகன் தயங்கினார். நான்தான் சொன்னேன்: “மாப்பிள்ளை, வளர்ற பிள்ளைங்க. ஒரு சைஸ் பெருசாவே எடுங்க. அடுத்த வருஷம் சரியாப் போயிடும்.”

நாம் எல்லோரும் இப்படித்தானே வளர்ந்தோம்? ஜூன் மாதம் பள்ளிச் சீருடை தைக்கும்போது அளவை விட இரண்டு அங்குலம் கூட்டித் தைத்து உள்ளே மடித்து விடச் சொல்வார் என் தாயார். செருப்பு வாங்கினால் முன்னால் ஒரு விரல் இடம் விடுவார். சட்டை தொளதொளவென்று இருந்தால் பிள்ளை விழுவதில்லை. மோட்டார் சைக்கிள் சட்டை அன்று.

கணக்கைப் பாருங்கள். நான் வாங்குவதற்கு முன் போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது. பேரனின் எடை 24 கிலோ. 65 சி.சி. வண்டியின் எடை ஏறத்தாழ 60 கிலோ. அதாவது வண்டி அவனைப் போல் இரண்டரை மடங்கு. 75 கிலோ எடையுள்ள ஒரு பெரியவருக்கு இதே விகிதத்தில் வண்டி கொடுத்தால் 187 கிலோ ஆகும். ஏறத்தாழ ஒரு புல்லட். புல்லட்டை உழுத வயலில் ஓட்டிச் சென்று வரப்பின் மேல் ஏறித் தாவச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? அடுத்து உயரம். அந்த வண்டியின் இருக்கை தரையிலிருந்து 75 செ.மீ. பேரனின் கால் நீளம், உள்பக்கமாக அளந்தால், 55 செ.மீ. அவன் ஏறி உட்கார்ந்ததும், “அப்புச்சி, கால் எட்டலை” என்று சொல்லத்தான் செய்தான். இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தினால் ஒரு கால் விரல் தொட்டது. “அது போதும்” என்றோம்.

எஞ்சின் அடுத்தது. 65 சி.சி. பந்தய வண்டிகள் இரு வீச்சு எஞ்சின் கொண்டவை. நம் ஊரில் யமாஹா ஆர்.எக்ஸ். 100 ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புகைபோக்கியின் வயிறு போல் புடைத்த பகுதியைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் அழுத்த அலை அங்கே மோதித் திரும்பி வருகிறது. வெளியே நழுவப் பார்க்கும் புதிய எரிபொருள் கலவையை அந்த அலை மீண்டும் உருளைக்குள் தள்ளுகிறது. ஆனால் அலை சரியான நொடியில் திரும்புவது குறிப்பிட்ட சுழல் வேகங்களில் மட்டுமே. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால்தானே உயரப் போகும்? ஒத்ததிர்வு பற்றி முதலாண்டு வகுப்பில் நான் சொல்லும் அதே செய்திதான். ஆகவே குறைந்த வேகத்தில் வண்டி சாதுவாக நிற்கும். ஓர் எல்லையைத் தாண்டியதும் திடீரென்று பாயும். நான்கு வீச்சு எஞ்சினில் திறன் படிப்படியாக ஏறும். பழகுகிறவனுக்கு அது நல்ல ஆசான். தேர்ந்த சிறுவன் இரு வீச்சின் பாய்ச்சலைப் பயன்படுத்தி முந்துவான்; தேராதவனை அது இழுத்துக் கொண்டு போகும். போதாக்குறைக்கு அந்த வண்டியில் ஆறு கியரும் கைக் கிளட்சும் உண்டு. அதுவரை கிளட்ச் என்றால் என்னவென்றே அறியாத பிள்ளை அவன்.

மூன்றாம் நாள் பயிற்சித் தடத்தில் சிறிய மேடு ஒன்றின் அடியில் கிளட்சை முழுதும் விட்டுவிட்டான். வண்டி பாய்ந்தது. பயத்தில் கைப்பிடியை இறுகப் பற்றியதும் முறுக்கும் கூடவே ஏறியது. பிள்ளைகள் பயந்தால் பிடியை விடுவதில்லை, இறுக்குகிறார்கள். இதை அந்த நாளில்தான் கண்டேன். மேட்டின் உச்சியில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. காலூன்றித் தாங்கக் கால் எட்டவில்லை.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அவன் வண்டிக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. தன் பழைய சிறிய வண்டியைக் கூடத் தொடவில்லை. “அவனுக்கு வண்டி பிடிக்கலைன்னு இல்லைப்பா. உங்ககிட்டயும் இவர்கிட்டயும் சொல்லப் பயப்படறான்” என்றாள் என் மகள். நான் ஊர் திரும்பிய பிறகும் அந்தச் சொல் உறுத்திக் கொண்டே இருந்தது. அதன் பிறகே இந்தப் பொருளைப் பாடப் புத்தகம் போல் படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் இத்தகைய வண்டிகளை ஓட்டவே கூடாது என்று அறிவுரை கூறுகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் கட்சியும் அதுதான். அந்நாட்டில் இன்னொரு விந்தையும் நடந்தது. குழந்தைகளுக்கான பொருள்களில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தி 2008-இல் ஒரு சட்டம் வந்தது. பொம்மைகளை எண்ணி இயற்றிய சட்டம். சிறுவர் மோட்டார் சைக்கிளின் டயர் வால்விலும் மின்கல முனையிலும் சிறிது ஈயம் இருப்பதால், 2009-இல் அவற்றின் விற்பனையே நின்று போயிற்று. வால்வை எந்தப் பிள்ளை கடித்துத் தின்னப் போகிறது? சிறிய வண்டி கிடைக்காவிட்டால் பிள்ளைகள் பெரிய வண்டியில் ஏறுவார்கள், அது ஈயத்தை விட ஆபத்து என்று பெற்றோரும் வணிகரும் வாதாடினர். 2011-இல் விலக்கு அளிக்கப்பட்டது. அவர்கள் வாதத்துக்கு என் வீட்டிலேயே சான்று இருந்தது.

நான் படித்தறிந்ததில் பலரும் கவனிக்காதது சுருள்வில். வண்டியின் வில்கள் ஒரு குறிப்பிட்ட எடையைக் கருதியே அமைக்கப்படுகின்றன. பிள்ளை ஏறி உட்கார்ந்தால் பின் பக்கம் தன் முழு நகர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாழ வேண்டும். எடை குறைந்த பிள்ளை பெரிய வண்டியில் ஏறினால் வில் அசைவதே இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் பந்து போல் தூக்கி எறியும். பந்தய வண்டியில் இந்த வில்லை மாற்றலாம், முன்பின் உயரத்தைக் குறைக்கலாம். பழகு வண்டிகளில் அவ்வளவு வசதி இல்லை. ஆனால் எடையை மட்டுமே வைத்தும் முடிவு செய்ய முடியாது. ஹோண்டா சி.ஆர்.எஃப். 110 ஏறத்தாழ 77 கிலோ, 65-ஐ விடக் கனம். இருந்தும் இருக்கை 66 செ.மீ. உயரந்தான், எஞ்சின் சாது, கியர் மாற்றினால் போதும், கிளட்ச் தானியங்கி. சமதரையில் கியர் பழக மிக நல்ல வண்டி. அதை எடுத்துக் கொண்டு பந்தயத் தடத்தில் தாவினால் மெத்தென்ற வில்கள் அடியில் போய் இடிக்கும்.

‘ஒருவேளை’ பந்தயத்துக்குப் போகலாம் என்ற பிள்ளைக்கு இன்றே பந்தய வண்டி வேண்டுமா என்பது செலவையும் பொறுத்தது. பி.டபிள்யூ. 50 புதிதாகவே இரண்டாயிரம் டாலருக்குள் முடியும். பந்தய 50-கள் நாலாயிரத்தைத் தாண்டும். அதோடு பந்தய எஞ்சினுக்குச் சில பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை பிஸ்டன் மாற்ற வேண்டும். அதனால்தான் அவற்றில் மைல் கணக்கு இல்லை. மணிக் கணக்குக் காட்டும் கருவி பொருத்துகிறார்கள். பழைய வண்டி வாங்குவோர் அதைக் கேட்க வேண்டும். காற்று வடிகட்டியைத் திறந்து பார்ப்பது இன்னும் நல்லது. அதில் மண் இருந்தால் எஞ்சினுக்குள்ளும் மண் போயிருக்கும். பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் நான் வாங்க மாட்டேன். தலைக்கவசம், கண்ணாடி, முழங்கால் வரை ஏறும் பூட்ஸ், மார்புக் கவசம் ஆகியவை இல்லாமல் ஏறவே கூடாது. தலைக்கவசத்தையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கக் கூடாது என்பதை இனி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

2024 வசந்தத்தில் மருமகன் பிள்ளையை அழைத்துச் சென்று, எதையும் சொல்லாமல், நண்பர் வீட்டிலிருந்த மூன்று வண்டிகளின் மேல் உட்கார வைத்தார். பேரன் தானியங்கிக் கிளட்ச் உள்ள பந்தய 50-இன் மேல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தானாம். அதையே வாங்கி, முன்னும் பின்னும் தாழ்த்தி, மெல்லிய வில் போட்டுக் கொடுத்தார்கள். ‘ஏழு, எட்டு வயது’ வகுப்பில் அவனுக்கு இன்னும் ஓராண்டு இடம் இருந்தது.

அந்தக் கோடையில் அவனது முதல் பந்தயத்தைப் பார்த்தேன். தொடக்க வேலியின் பின்னால் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மற்றவர்கள் எல்லாம் முன்னே பார்த்தார்கள். இவன் மட்டும் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். இரண்டு பூட்ஸும் மண்ணில் பதிந்திருந்தன. வேலி விழுந்தது. ஒன்பதாவதாக வந்தான்.

அந்த 65 இன்னும் விற்கப்படவில்லை. கொட்டகையில் படுதா போர்த்திக் கிடக்கிறது. மாதம் ஒரு முறை படுதாவை விலக்கி அதன் மேல் ஏறி உட்கார்ந்து பார்க்கிறானாம். சென்ற வாரம் தொலைபேசியில் படத்தோடு காட்டினான். ஒரு பாதத்தின் முன்பகுதி தரையில் இருந்தது. மற்றதில் விரல் நுனி.

“இன்னும் கொஞ்சம் இருக்கு அப்புச்சி” என்றான்.