ஆண்மைச் சுரப்பும் பயிர் உணவும்

நம் கிராமங்களில் மணமாகி இரண்டு, மூன்று ஆண்டுகள் கழிந்தும் ஒரு தம்பதிக்கு மகப்பேறு வாய்க்கவில்லையெனில், ஊரார் கண்கள் முதலில் திரும்புவது அப்பெண்ணின் பக்கமே. அவளைக் கோயில் கோயிலாகவும் மருத்துவமனை மருத்துவமனையாகவும் அழைத்துச் செல்கின்றனர். கணவனோ, தனக்கும் குறை இருக்கக் கூடுமென்ற ஐயம் எழுந்தால், சந்தைக்கு வரும் லேகிய வியாபாரியிடம் இரகசியமாகச் செல்கிறான். அங்கே பணமும் கரைகிறது; அதனினும் அரிய காலமும் கரைகிறது. உணவினாலும் மூலிகையினாலும் ஆணின் சுரப்பு கூடுவதும் குறைவதும் உண்மைதானா, உண்மையாயின் எந்த அளவுக்கு என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தெளிந்திருப்பது நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

சுரப்பு என்பது யாது?

உடலிலுள்ள சில சுரப்பிகள், தாம் உண்டாக்கும் பொருளை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. அப்பொருளை ஹார்மோன் என்கிறோம். ஆணின் விரைகளில் உண்டாகும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனே குரல் தடிப்பதற்கும், மீசை அரும்புவதற்கும், தசை வலுப்பதற்கும், விந்தணு விளைவதற்கும் துணை நிற்பது. இது 1935-ம் ஆண்டில் காளையின் விரைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பெண்களின் உடலிலும் இது சிறிதளவு உண்டு.

மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஏவலின்படியே விரைகள் வேலை செய்கின்றன. இரத்தத்தில் சுரப்பு மிகுந்தால் ஏவல் குறையும். குறைந்தால் ஏவல் கூடும். ஏரியில் நீர்மட்டம் அறிந்து மதகைத் திறந்தும் மூடியும் காக்கின்ற நீர்க்கட்டிபோல் இந்த ஏற்பாடு இயங்குகிறது. ஆகையால், உடல்நலம் உடைய ஒருவன் ஒருவேளை உண்ட கீரையோ பழமோ இச்சமநிலையை எளிதில் குலைத்துவிடாது.

குறைந்த உணவால் வந்த கேடு

ஆயினும் உணவு இதில் தொடர்பற்றது என எண்ணிவிடலாகாது. ஈரான் நாட்டின் ஷிராஸ் நகரையடுத்த கிராமங்களில், இருபது வயதைக் கடந்தும் பத்து வயதுச் சிறுவரைப் போன்ற உருவமும், பருவமடையாத உடலும் கொண்ட ஆண்களை, இந்தியாவில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் கண்டார். அவர்களுடைய உணவு பெரும்பாலும் புளிக்கவைக்காத கோதுமை ரொட்டியே. மண்ணையும் தின்று வந்தனர். இதுபற்றி 1961-ம் ஆண்டில் அவர் எழுதினார். பின்னர் எகிப்தியக் கிராமங்களில் நடந்த ஆராய்ச்சியில், இவ்வாறு வளர்ச்சி குன்றியவர்களுக்குத் துத்தநாகச் சத்து அளிக்கப்பெற்றபோது அவர்கள் உயரம் கூடினர், பருவமும் அடைந்தனர்.

கோதுமைத் தவிட்டிலுள்ள ஃபைடேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவொட்டாமல் தடுத்ததே இதற்கு முக்கிய காரணம் எனத் தெளிந்தது. 1996-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், நான்கு இளைஞர்களின் உணவில் துத்தநாகத்தை 20 வாரம் குறைத்தபோது, அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. துத்தநாகம் போதாதிருந்த முதியோருக்கு அதனை அளித்தபோது சுரப்பு ஏறக்குறைய இருமடங்காயிற்று. குறை உள்ளவனுக்கே இது மருந்து. நிறைந்திருப்பவன் மேலும் உண்பதனால் சுரப்பு ஏறுவதில்லை.

இங்கே நம் முன்னோர் கைக்கொண்ட சமையல் முறைகளின் அருமையை நினைவுகூர்தல் தகும். இட்டலி மாவைப் புளிக்க வைப்பதும், கம்பங்கூழை இரவில் புளிக்கவிட்டு மறுநாள் உண்பதும், பயறுகளை முளைகட்டுவதும் இந்த ஃபைடேட்டைக் குறைக்கின்றன. இவற்றோடு எள், நிலக்கடலை, பருப்பு ஆகியவையும், உண்போர்க்கு முட்டை, மீன், இறைச்சி ஆகியவையும் சேருமாயின் துத்தநாகத்துக்குத் தனியே செலவு செய்ய வேண்டியதில்லை.

பயிரிலுள்ள சுரப்பை ஒத்த பொருள்கள்

சில பயிர்களில், பெண்களின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பை ஒருவாறு ஒத்த பொருள்கள் உள்ளன. 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் என்ற தீவனப் பயிரையே பெரும்பாலும் மேய்ந்த செம்மறிகள் சினைபிடிக்காமற் போயின. விரையடித்த கிடாக்களுக்குங்கூட மடி பருத்துப் பால் சுரந்தது. இச்செய்தி 1946-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்களால் வெளியிடப்பெற்றது. ஒரே பொருளை நாள்முழுதும் வயிறு நிரம்ப உண்டதன் விளைவு இது.

சோயாவிலும் இவ்வினப் பொருள்கள் உண்டு. ஆதலின் சோயா உண்டால் ஆண்மை குன்றும் என்ற அச்சம் பரவியிருக்கிறது. ஆனால் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2010-ம் ஆண்டிலும் 2021-ம் ஆண்டிலும் வெளியிடப்பெற்ற முடிவுகள், சோயா உணவால் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைவதில்லை என்றே காட்டின. நாள்தோறும் ஏறக்குறைய மூன்று லிட்டர் சோயாப்பால் குடித்துவந்த 60 வயதினர் ஒருவருக்கு மார்பு வீங்கியதாகவும், அதனை நிறுத்தியபின் குணமானதாகவும் 2008-ம் ஆண்டில் ஒரு குறிப்பு வந்தது. குழம்பில் கிடக்கும் நாலைந்து சோயா உருண்டைகளுக்கும் மூன்று லிட்டர் பாலுக்கும் உள்ள வேற்றுமையை வாசகர்களே உணர்வர்.

தொண்டைக் கட்டுக்கு நாம் மெல்லும் அதிமதுரத்தின் செய்தி சற்று வேறானது. 1999-ம் ஆண்டில் ஏழு ஆண்கள் அன்றாடம் ஏழு கிராம் அதிமதுரச் சரக்குள்ள மாத்திரையை உட்கொண்டபோது, சில நாட்களிலேயே அவர்களது டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது, நிறுத்தியபின் மீண்டது. பின்வந்த ஆராய்ச்சிகளில் இக்குறைவு இவ்வளவு பெரிதாகக் காணப்படவில்லை. எனினும் அதிமதுரத்தை வாரக்கணக்கில் மிகுதியாக உண்பது இரத்தக் கொதிப்பை உயர்த்திப் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பது உறுதி. இருமலுக்கு ஒரு துண்டு மெல்வதில் அஞ்ச வேண்டுவதில்லை. வழக்கமாக்கிக் கொள்வது தகாது.

பருத்தி விவசாயிகள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பருத்திக்கொட்டையில் கோசிப்பால் என்னும் நச்சுப் பொருள் உள்ளது. சீனத்தின் சில கிராமங்களில், சுத்தம் செய்யாத பருத்திக்கொட்டை எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தியவர்களிடையே மகப்பேறு அருகியது 1950-களில் கவனிக்கப்பட்டது. அப்பொருளையே ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக்க முயன்று, 1970-களில் 8,000-க்கு மேற்பட்டோருக்குக் கொடுத்துப் பார்த்தனர். பொட்டாசியம் குறைந்ததாலும், சிலருக்கு விந்தணு மீளாமலே போனதாலும் அம்முயற்சி கைவிடப்பட்டது. இது சுரப்பைக் காட்டிலும் விந்தணுவையே தாக்கியது. வளர்ந்த மாடுகளின் முதல் வயிற்றில் இந்நஞ்சு பெரும்பாலும் செயலிழக்கிறது. இளங்கன்றுகளுக்கு அத்திறன் இல்லை. ஆகவே கன்றுகளுக்குப் பருத்திக்கொட்டை வைக்கலாகாது. செக்கில் ஆட்டிய, சுத்திகரிக்கப்படாத பருத்திக்கொட்டை எண்ணெயை வீட்டுச் சமையலுக்குக் கொள்வதையும் தவிர்த்தல் வேண்டும்.

மூலிகைகளின் நிலை

அமுக்கராக் கிழங்கு, பூனைக்காலி, நெருஞ்சில் ஆகிய மூன்றுமே ஆண்மைக்கு மருந்தெனப் பெரிதும் விற்கப்படுவன. இவற்றுள் அமுக்கரா பற்றிய ஓர் ஆராய்ச்சி 2019-ம் ஆண்டில் வெளிவந்தது. அதில் 40 வயதைக் கடந்த, உடல் பருத்த ஆண்கள் எட்டு வாரம் அதன் சத்தினை உட்கொண்டனர். சத்தில்லாத போலி மாத்திரை உண்ட காலத்தைக் காட்டிலும் அப்போது அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது சிறு உயர்வே. மகப்பேற்றுக்கு உறுதி அன்று. அமுக்கராவினால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. பூனைக்காலி விதை, மகப்பேறற்ற ஆண்களிடம் பயன் அளித்ததாக லக்னோவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று கூறியது. ஆனால் அவ்விதையில் நரம்பு நோய்க்குத் தரப்படும் லெவோடோபா என்னும் மருந்துப் பொருளே இயற்கையாக உள்ளது. அளவறியாமல் உண்டால் வாந்தியும் மயக்கமும் நேரும். நெருஞ்சிலை இளைஞர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2005-ம் ஆண்டு ஆராய்ச்சியில் சுரப்பு சிறிதும் உயரவில்லை.

சித்த மருத்துவத்தைக் குறைகூறுவது நம் கருத்தன்று. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நோயாளியைப் பார்த்து, அளவறிந்து கொடுப்பது ஒன்று. பெயரும் முகவரியும் இல்லாத புட்டியைச் சந்தையில் வாங்குவது வேறொன்று. “முழுவதும் மூலிகை” என விற்கப்பட்ட பண்டங்களில் சில்டெனாஃபில் என்னும் ஆங்கில மருந்து கலந்திருந்தது உலகின் பல நாடுகளில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உட்கொள்பவர் இதனை அறியாது உண்பாராயின், இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரும்.

இன்னுமொரு பிழையும் இளைஞரிடையே பரவுகிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்க டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கின்றனர். சுரப்பு வெளியிலிருந்து வந்தவுடன் பிட்யூட்டரி தன் ஏவலை நிறுத்திவிடுகிறது. விரைகள் சுருங்கி, விந்தணு விளைவதும் நின்றுபோகிறது. ஆண்மையைப் பெருக்கப் போட்ட ஊசியே மகப்பேற்றைக் கெடுத்துவிடுகிறது.

செய்ய வேண்டுவன

சுரப்பையும் விந்தணுவையும் கெடுக்கும் காரணங்கள் பெரும்பாலும் நம் கண்முன்னேயே உள்ளன. மிகுந்த குடி, புகையிலை, கட்டுக்கடங்காத நீரிழிவு, தொந்தி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டிரோனையே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும் தன்மையது. பூச்சிமருந்துகளிலும் கவனம் தேவை: வாழை, அன்னாசித் தோட்டங்களில் நூற்புழுவைக் கொல்லப் பயன்பட்ட டிபிசிபி என்னும் மருந்தைத் தயாரித்த தொழிலாளர்கள் மலடானது 1977-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. மருந்து தெளிப்போர் கையுறையும் முகமூடியும் அணிவதும், தெளித்தபின் குளித்து உடை மாற்றுவதும் இன்றியமையாதன.

ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லையெனில் கணவன், மனைவி இருவரும் ஒருங்கே பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். மகப்பேறின்மையில் ஏறக்குறைய பாதியளவுக்கு ஆணின் குறையும் பங்கு வகிக்கிறது. விந்துப் பரிசோதனை வலியற்றது, எளியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்துகொள்ளலாம். டெஸ்டோஸ்டிரோன் அளவு காலையிலேயே உயர்ந்திருப்பதால் அதற்கான இரத்தத்தைக் காலையில் கொடுத்தல் வேண்டும். ஒரு விந்தணு விளைந்து முதிர இரண்டரை மாதம் ஆகும். ஆதலால் குடியை விட்டும் உணவைச் சீர்செய்தும் வருவோர் மூன்று மாதமாவது பொறுத்திருந்தே பயனை எதிர்பார்க்க வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. சந்தையில் பெயரற்ற ஆண்மை லேகியம் விற்போரைப் பற்றிச் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கலாம். கிராம சபை கூடும் நாளில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து ஆண்களுக்கென அரைமணி நேரம் பேசச் செய்யலாம். ஆணின் குறையையும் மற்ற நோயைப் போன்றதொரு நோயாகவே கருதி வெளிப்படையாகப் பேசும் வழக்கம் ஊரில் வேரூன்றுமாயின், குற்றமேதும் செய்யாத எத்தனையோ பெண்கள் மலடி என்னும் பழியினின்றும் விடுபடுவர். நல்ல உணவு, அளவான உழைப்பு, காலத்தே பரிசோதனை ஆகிய இம்மூன்றையும் கைக்கொள்ளும் குடும்பத்துக்குச் சந்தைப் புட்டியின் உதவி தேவைப்படாது.