ஐந்தாம் நாள் அறிக்கை

சென்ற ஆண்டு என் தமையனார் கடும் காய்ச்சலுடன் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதுநகரிலிருந்து நாள்தோறும் சென்று அவர் படுக்கையருகே அமர்ந்திருந்தேன். "ரத்தம் கல்ச்சருக்குப் போயிருக்கிறது சார், முடிவு வர ஐந்து நாள் ஆகும்" என்றார் பணி மருத்துவர். அதுவரை விலையுயர்ந்த இரண்டு ஊசி மருந்துகள் தொடர்ந்தன. பொருளியல் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த எனக்கு, ஏன் ஐந்து நாள், மூன்றோ ஏழோ ஏன் இல்லை என்ற ஐயம் எழுந்தது.

நுண்ணுயிரியல் அறிந்த நண்பர்களிடம் கேட்டும் படித்தும் நான் புரிந்துகொண்டது இது. ரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலும் அதன் எண்ணிக்கை மிகச் சொற்பமே. ஒரு மில்லியில் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். எனவே ஊட்டக் கரைசல் நிரம்பிய குப்பியில் ரத்தத்தைச் செலுத்தி, உடல் வெப்பத்துக்கு நெருங்கிய வெப்பத்தில் வைத்துப் பெருக விடுகிறார்கள். முற்காலத்தில் குப்பி கலங்குகிறதா என்று கண்ணால் பார்த்து ஒரு வாரமோ அதற்கு மேலோ காத்திருந்தனர். 1990-களில் பரவிய தானியங்கிக் கருவிகள், கிருமி வெளியிடும் கரியமில வாயுவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து எச்சரிக்கின்றன. ஐந்து நாள் என்ற வழக்கம் இக்கருவிகளோடு நிலைபெற்றது.

ஆனால், உண்மையான நோய்க்கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் முதல் மூன்று நாள்களுக்குள்ளேயே தென்பட்டுவிடுகின்றன என்று மேலைநாட்டு மருத்துவமனை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. அதன்பின் வளர்பவற்றில் கணிசமானவை, ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டவை. ஆகவே நான்கு நாள் போதும் என்ற குரல் வலுத்துவருகிறது.

இதில் கணக்கும் உண்டு. 40 குப்பிகள் கொள்ளும் சிறு கருவியில் ஒவ்வொன்றும் ஐந்து நாள் இருந்தால், நாளொன்றுக்கு 8 புதிய குப்பிகளே ஏற்க முடியும். நான்கு நாளானால் 10. நம் துறைமுகத்தில் அணையுமிடம் காலியாகாமல் அடுத்த படகு வெளியே நிற்பதுபோல, கருவி நிரம்பினால் புதிய நோயாளியின் குப்பி மேசையில் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கு எந்த விலைப்பட்டியலிலும் இடமில்லை.

எனினும் வெளிநாட்டு எண்ணை அப்படியே இங்கு இறக்குமதி செய்வதை நான் ஏற்கமாட்டேன். ஆடு மாடு வளர்ப்போரைத் தாக்கும் புருசெல்லா மெல்ல வளர்வது. மூன்றே நாளில் குப்பியை எறிந்தால் அது தப்பிவிடலாம். காசநோய்க் கிருமிக்கோ வேறு குப்பியும் ஆறு வாரமும் வேண்டும். இத்தகைய ஐயம் இருந்தால் மருத்துவர் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்; ஆய்வகப் பணியாளரின் பாதுகாப்பும் அதில் அடங்கும். தானியங்கிக் கருவி இல்லாத மருத்துவமனையில் நாளைக் குறைக்கும் பேச்சே கூடாது. கருவி உள்ள இடங்களில், எந்தக் கிருமி எத்தனையாவது மணியில் தென்பட்டது என்பது கருவியிலேயே பதிவாகியிருக்கும். ஓராண்டுப் பதிவை ஆராய்ந்து, ஒவ்வொரு மருத்துவமனையும் தன் எண்ணைத் தானே முடிவு செய்யலாம். அதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.

நாள் எண்ணிக்கையைவிடப் பெரிய இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது என்பது என் கணிப்பு. வயது வந்தோருக்கு ஒரு குப்பிக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். குறைந்தது இரண்டு முறை, வெவ்வேறு இடத்தில் குத்தி எடுக்க வேண்டும். மூன்று மில்லி மட்டும் எடுத்த குப்பியை எத்தனை நாள் வைத்திருந்து என்ன பயன்? சனிக்கிழமை மாலை எடுத்த ரத்தம் திங்கள் காலைதான் கருவிக்குள் போகும் என்றால், ஐந்து நாளா நான்கு நாளா என்று வாதிடுவது வீண். இரண்டு நாள் முடிவில் 'இதுவரை வளர்ச்சி இல்லை' என்று வரும் இடைக்கால அறிக்கையைப் படித்து, தேவையற்ற மருந்தை நிறுத்துவது குறித்து மருத்துவர் அன்றே யோசிக்கவும் வேண்டும். நுண்ணுயிர் எதிர்மருந்துகள் வலுவிழந்துவருவது பற்றி 2012-இல் சென்னைப் பிரகடனம் உருவான மாநிலம் நம்முடையது.

என் தமையனாரின் அறிக்கை ஐந்தாம் நாள் மாலை வந்தது: 'வளர்ச்சி இல்லை'. அவர் குணமாகி வீடு திரும்பினார். பிறகு சிகிச்சைத் தாள்களைப் புரட்டியபோதுதான் கவனித்தேன்: முதல் ஊசி மருந்து காலை பத்து மணிக்கு, ரத்தம் எடுத்தது பிற்பகல் மூன்றுக்கு.