அந்நிய மண்ணில் ஆதரவற்ற பிள்ளை

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற நம் காவிரிப் படுகை ஊர்களில் கடல் கடந்து வாழும் உறவினர் பலருண்டு. அந்நிய மண்ணில் பெற்றோரே பிள்ளையை வதைத்தால் அல்லது கைவிட்டால் அதன் கதி என்ன?

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பிள்ளைகளுக்கு வழி திறந்தது. 21 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளை அங்கேயே முதலில் மாநில நீதிமன்றத்தை அணுக வேண்டும். தந்தை, தாய் இருவரில் ஒருவருடனேனும் மீண்டும் சேர்ந்து வாழ இயலாது, தாய்நாடு திரும்புவதும் நலமன்று என நீதிபதி முடிவு செய்தால், குடியேற்றத் துறைக்கு விண்ணப்பிக்கலாம். உரிய ஆவணமின்றி நுழைந்திருந்தாலும் தடையில்லை. ஆனால், பல மாநிலங்களில் 18 வயதுடன் அந்நீதிமன்றத்தின் அதிகாரம் முடிந்துவிடும்.

ஆகவே, குடும்ப மானம் கருதி மௌனம் காக்காதீர்கள். செய்தி எட்டியவுடன் அங்குள்ள வழக்கறிஞரை நாடச் சொல்லுங்கள். தாமதித்தால் திறந்த கதவும் அடைபட்டுவிடும்.