பக்கவாதம் போல் வேடமிட்டு வரும் நோய்கள்

பொழுது விடிந்து வெகு நேரமாகியும் எழுந்திராத தாயைப் போய்ப் பார்க்கிற மகன், அவள் வாய் குழறுவதையும், வலது கை தூக்க மாட்டாமல் துவண்டு கிடப்பதையும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருவதையும் கண்டு, பக்கவாதம் வந்துவிட்டதென்று பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவானேயானால், அவன் செய்தது முற்றிலும் சரியான காரியம். அங்கே விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையின் அளவு 35 மில்லிகிராம்தான் என்று தெரியவந்து, ரத்தநாளத்தில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிஷங்களில் அவளே எழுந்து உட்கார்ந்து, "என்னை எதுக்குடா இங்கே கொண்டு வந்தே?" என்று கேட்பாளேயானால், அப்போதும் அவன் செய்தது சரியே. மூளையின் ரத்தக் குழாய்களில் எவ்விதக் கோளாறும் இல்லாமலே பக்கவாதத்தின் லட்சணங்களைக் காட்டவல்ல நோய்கள் பல உண்டு. பக்கவாதம் என்ற சந்தேகத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு வரப்படுகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர், சில இடங்களில் நான்கில் ஒரு பங்கினர்கூட, இவ்வாறு வேறு நோய்களால் வந்தவர்களே என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்தப் பேதத்தைக் கண்டறிவதில் வைத்தியருக்கு நேரும் தர்மசங்கடம் சாமானியமானதல்ல. மூளையின் பெரிய ரத்தக் குழாய் ஒன்று அடைபட்டுவிட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது கணக்கு. அடைப்பைக் கரைக்கும் மருந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் தரும் என்று 1995-ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று நிரூபித்தது. 2008-இல் ஐரோப்பிய ஆராய்ச்சியொன்று அந்தக் கெடுவை நாலரை மணி நேரமாக நீட்டியது. ஆனால் அதே மருந்து மூளைக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கவும் கூடும். அந்த 1995 ஆராய்ச்சியிலேயே மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் வரை அந்த விபத்துக்கு உள்ளானார்கள். ஆகவே கடிகாரம் ஒருபுறம் துரத்த, தேவையில்லாதவருக்கு அபாயகரமான மருந்தைக் கொடுத்துவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை மறுபுறம் இழுத்துப் பிடிக்க, சில நிமிஷங்களுக்குள் வைத்தியர் தீர்மானம் செய்தாக வேண்டியிருக்கிறது.

அந்தத் தீர்மானத்துக்கு முன் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாத ரத்தப் பரிசோதனை ஒன்றே ஒன்றுதான்: சர்க்கரை. மூளை தன் ஜீவிதத்துக்குப் பிரதானமாகக் குளுக்கோஸையே நம்பியிருப்பதால், அது திடீரென்று குறையும்போது சிலருக்கு ஒரு பக்கக் கை கால் மட்டும் விழுந்துவிடுவதும், பேச்சு மட்டும் போய்விடுவதும் உண்டு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு முதலிய மாத்திரைகளைச் சாப்பிட்டு வரும் முதியவர்கள், ராத்திரி பசியில்லையென்று பலகாரத்தைத் தள்ளிவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் படுத்தால் இந்த ஆபத்து நேர்கிறது. சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் மருந்து உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கி, ஆபத்தைப் பன்மடங்காக்குகிறது. குளுக்கோஸ் ஏற்றியதும் பாட்டி தெளிந்து பேசுகிறாளே என்று உடனே வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவதும் தவறு. மாத்திரையின் வேகம் ஒரு நாளுக்கு மேலும் நீடித்து, சர்க்கரை மறுபடியும் இறங்கக் கூடுமாதலால், ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பதே உசிதம். பிரக்ஞை தெளிவாக இல்லாதவரின் வாயில் சர்க்கரைத் தண்ணீரையோ காப்பியையோ ஊற்றும் வழக்கமும் கூடாது. அது புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

வலிப்பு இன்னொரு காரணம். வலிப்பு வந்து ஓய்ந்த பிறகு கை கால்கள் சில நிமிஷங்கள் முதல் ஒன்றிரண்டு நாள் வரை செயலற்றுக் கிடக்கலாம் என்பதை ராபர்ட் பென்ட்லி டாட் என்ற வைத்தியர் 1849-இல் லண்டனில் ஆற்றிய பிரசங்கங்களில் விவரித்தார். இன்றும் அந்தச் செயலின்மைக்கு அவர் பெயரே வழங்குகிறது. வலிப்பைக் கண்ணால் கண்டவர் உடன் வந்து சொன்னால் விஷயம் பாதி தீர்ந்தது. எவரும் காணாத வேளையில், தூக்கத்திலோ தனிமையிலோ வந்து போயிருந்தால், கடிபட்ட நாக்கும் நனைந்த உடையுமே சாட்சி.

முகம் கோணிப்போவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் குடும்பத்தையே கதிகலங்க வைப்பது அதுதான். கண்ணாடி முன் நின்று பல் துலக்குகிறவர், வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகுவதையும், ஒரு கண் மூட மறுப்பதையும் கண்டு நடுங்கிப் போகிறார். வைத்தியர் செய்யும் முதற் காரியம், அவரைப் புருவத்தை உயர்த்தி நெற்றியைச் சுருக்கச் சொல்வது. நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறபடியால், பக்கவாதத்தில் ஒரு பாதி கெட்டாலும் மற்றப் பாதி அவற்றை ஆட்டி வைக்கிறது. வாய்தான் கோணுமே தவிர நெற்றி சுருங்கும். மண்டையோட்டை விட்டு வெளிவரும் முக நரம்பே வீங்கிச் செயலிழந்தாலோ, நெற்றி, கண், வாய் மூன்றும் ஒருசேர அந்தப் பக்கம் அசைவற்றுப் போகும். ஸ்காட்லாந்து தேசத்துச் சத்திர வைத்தியர் சார்லஸ் பெல்லின் பெயரால் அறியப்படும் இந்த முகவாதத்துக்கு மூன்று நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் பெரும்பாலோர் பூரணமாகக் குணமடைகிறார்கள். மூடாத கண் வறண்டு புண்ணாகாமல் காப்பாற்றுவதும் அவசியம். ஆனால் மூளைத்தண்டில் நேரும் சில பக்கவாதங்களில் நெற்றியும் செயலிழப்பதுண்டு. எனவே இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்த்துத் திருப்தியடைவது விபரீதம்.

ஒற்றைத் தலைவலிக்காரர்களில் சிலருக்குத் தலைவலிக்கு முன் கண்ணெதிரே பளிச்சிடும் கோணல் கோடுகள் தோன்றி, விரலில் ஆரம்பித்த மதமதப்பு இருபது நிமிஷங்களில் மெல்ல மெல்லக் கையேறி உதடு வரை வருவதுண்டு. பக்கவாதமோ பெரும்பாலும் ஒரே கணத்தில் முழு உருவோடு வந்து நிற்கும். ரத்தத்தில் சோடியம் குறைதல், மூளைக் கட்டி, கீழே விழுந்த அடியால் மண்டைக்குள் மெதுவாகச் சேர்ந்த ரத்தம், கடுமையான தொற்றுக் காய்ச்சலில் பழைய பக்கவாதத்தின் பலவீனம் மீண்டும் தலைதூக்குதல் ஆகியவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே.

இன்னுமொரு வகை உண்டு. அதற்கு நம் சமூகம் இழைக்கும் அநீதியை எண்ணும்போது மனம் கசக்கிறது. நரம்பிலோ மூளையிலோ கண்ணுக்குத் தெரியும் சேதமில்லாமல், அவற்றின் இயக்கம் மட்டும் தடம் புரண்டு கை கால் செயலிழக்கும் நோயாளிகளை, "நடிக்கிறாள்" என்று சொல்லி அவமானப்படுத்துகிறோம். பலவீனமான காலை நீட்டி அழுத்தச் சொன்னால் அழுத்த முடியாமல் போவதையும், மறு காலைத் தூக்கச் சொல்லும்போது அதே கால் தானாகவே பலத்தோடு கீழே அழுந்துவதையும் ஹூவர் என்ற அமெரிக்க வைத்தியர் 1908-இல் எடுத்துக் காட்டினார். அந்தச் சோதனை நோயாளியின் பொய்யை வெளிப்படுத்துவதன்று. கால் நரம்புகள் சேதமின்றி இருக்கின்றன, குணமடைய இடமிருக்கிறது என்பதற்கான நற்சான்று. அவள் படும் துன்பம் உண்மையானது. அதற்குச் சிகிச்சையும் உண்டு.

இவ்வளவையும் படித்துவிட்டு, நம் வீட்டில் வந்திருப்பது வேஷதாரிதான் என்று எவரேனும் தாமே முடிவுகட்டி உட்கார்ந்துவிட்டால், இதை எழுதாமல் இருந்திருப்பதே மேல். ஏனென்றால் இதற்கு எதிர்மாறான மோசமும் நடக்கிறது. சிறுமூளையில் நேர்ந்த பக்கவாதம் வெறும் தலைசுற்றலும் வாந்தியுமாக வரும்போது, பித்தம் என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். ஆரம்ப மணி நேரங்களில் சி.டி. ஸ்கேன்கூட ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். அந்த ஸ்கேன் ரத்தக் கசிவை உடனே காட்டிவிடும், அடைப்பின் விளைவைத் தாமதித்தே காட்டும். பகுத்தறிய வேண்டியது வைத்தியரின் பொறுப்பு. பகுத்தறிவதற்கு வேண்டிய செய்திகளைக் கொண்டு சேர்ப்பதுதான் வீட்டாரின் பொறுப்பு.

முகம் கோணினாலும், கை விழுந்தாலும், பேச்சு குழறினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; வலிப்பு வந்ததா, முந்தின இரவு சாப்பிட்டாரா, முன்பு இப்படி வந்ததுண்டா என்பதை அறிந்தவர் ஒருவர் கூடவே போகட்டும். ஸ்கேன் எடுக்குமுன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். உள்ளே ரத்தக் கசிவாக இருந்தால் அது கேடு செய்யும். ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.